ஃபிளாஸ்க்கில் இருப்பது அம்மா இல்லை

பிப்ரவரி 3

அண்ணா,

நான் பேசிட்டிருக்கும்போதே போனை வெச்சுட்ட. அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கல. சரி, எடுக்காத. கடிதத்தைப் பாதியில வெக்க முடியாது பாரு, அதனால எழுதறேன். கிழிச்சுப் போட்டா இன்னொண்ணு எழுதுவேன். என்னைப் பத்தி உனக்குத் தெரியும்.

போன்ல நீ காதுலயே வாங்காததை மறுபடி சொல்றேன். பொறுமையாப் படி.

அம்மாவுக்குச் சிறுநீரகத்துல கட்டி எடுத்தப்போ, அதுல கொஞ்சத்தை ஆராய்ச்சிக்குத் தரமுடியுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. "வேண்டாம்னு எடுத்ததுதானே, நீங்களே வெச்சுக்கோங்க"ன்னு அம்மா படுத்த வாக்குலயே கையெழுத்துப் போட்டா. அப்புறம் அம்மா போயிட்டா. அந்த செல்கள் மட்டும் டாக்டரம்மா லேப்ல, ஃபிளாஸ்க்னு சொல்ற தட்டையான சின்னப் பாட்டில்கள்ல, வளர்ந்துட்டே இருந்துச்சு. பதினோரு வருஷம் ஆச்சு. நான் படிச்சு முடிச்சு அதே லேப்ல, அந்த செல்களைப் பாத்துக்கற வேலைக்கே வந்து சேர்ந்தேன். அப்பப்போ பழைய திரவத்தை உறிஞ்சிட்டு ரோஸ் கலர்ல புதுசா ஊத்தணும், அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. நீ எப்பப் பேசினாலும் முதல்ல கேக்கறது "அம்மா எப்படி இருக்கா?"ன்னுதான். நான் "சாப்பிட்டா, இப்பதான் கண் அசந்தா"ன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம்.

இனிமே அந்தச் சிரிப்பு கிடையாது. ஃபிளாஸ்க்ல இருக்கறது அம்மா இல்ல.

எப்படிடி தெரியும்னு கத்தினியே, இப்படித்தான். நம்ம உடம்புல எந்த செல்லை எடுத்தாலும் உள்ள ஒரே டி.என்.ஏ.தான். அதுல சில இடங்கள்ல கொஞ்சம் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு எண் உண்டு. ஒண்ணு அம்மா குடுத்தது, இன்னொண்ணு அப்பா குடுத்தது. அப்போ பிள்ளைகிட்ட இருக்கற ரெண்டுல ஒண்ணு அம்மாகிட்டயும் இருந்தே ஆகணும், இல்லையா? லேப்கள்ல குழாய் மாறிப்போறது, ஒருத்தர் செல்லோட இன்னொருத்தர் செல் கலந்து அதை அமுக்கிட்டு வளர்றது, இதெல்லாம் நடக்கற விஷயம். அதனால செல் யாரோடதுன்னு இந்த எண்களை வெச்சுப் பாப்பாங்க. எங்க லேப்ல இத்தனை வருஷமா யாரும் பாக்கவே இல்ல. புது மருந்துக்கு அனுமதி கேக்கப் போனப்போதான், பாத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க.

ஒப்பிட்டுப் பாக்க அம்மாவோட ரத்தம் இல்ல. ஆஸ்பத்திரியில எடுத்து வெச்சிருந்த மிச்சக் கட்டியையும் பழசாயிடுச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்களாம். அம்மாவோட சீப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாத்தையும் தொடைச்சு எடுத்துப் பாத்தேன், ஒண்ணும் தேறல. அட, நான் ஒருத்தி மகள்னு இங்கேயே நிக்கறேனே, என்னை எடுத்துப் பாருங்கன்னு வாயைத் தொறந்து காட்டினேன். பாத்தா பாதி இடத்துல ஒரு எண்கூட ஒத்துப்போகல.

டாக்டரம்மா ஒத்துக்கல. கேன்சர் செல் சில இடங்களைத் தொலைச்சுடும், அதனால இருக்கும்னாங்க. தொலைக்கும்தான், ஆனா இவ்வளவா? கடைசியில, "குடும்பத்துல இன்னொருத்தர் சாம்பிள் கொண்டு வா. அதுலயும் இப்படியே வந்தா என் கையாலயே எல்லாத்தையும் நிறுத்தறேன்"னாங்க. இன்னொருத்தர்னா எனக்கு நீ மட்டும்தான் இருக்க.

அவசரம் என்னன்னா, அந்த மருந்து. செல்லுல டி.என்.ஏ. உக்காந்த இடத்தை விட்டு எழுந்துக்காது. எந்தப் பகுதி இப்போ வேணுமோ அதை மட்டும் ஆர்.என்.ஏ.வா நகல் எடுத்து வெளிய அனுப்பும். அந்த நகலைப் படிச்சுத்தான் செல் வேலை செய்யும். எங்க மருந்தும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டுதான். கெட்டது பண்ற நகலைத் தேடிப் போய் அழிக்க வெச்சுடும். எந்த நகல் கெட்டதுன்னு எதைப் பாத்து முடிவு பண்ணோம் தெரியுமா? அம்மான்னு நெனச்சு நான் சோறு ஊட்டின அதைப் பாத்துத்தான். டாக்டரம்மா சொல்ற காரணத்தை ஏத்துக்கிட்டு அனுமதி குடுத்துட்டா, அடுத்த மாசக் கடைசியில, அம்மாவுக்கு வந்த அதே நோய் இருக்கறவங்களுக்கு ஊசி போடப் போறாங்க. அது வேற யாரோட, வேற எந்த நோயோட செல்லோ? அம்மா மாதிரி படுத்திருக்கறவங்க மேல போய் குருட்டாம்போக்குல ஊசி போட விடுவேனா நான்?

உறைக்குள்ள ரெண்டு பஞ்சுக் குச்சி இருக்கு. வாயைக் கொப்பளிச்சுட்டு, கன்னத்து உள்பக்கம் நல்லாத் தேய், நிழல்ல காயவெச்சு அனுப்பு. அவ்வளவுதான் வேலை.

உன்
குண்டூசி


பிப்ரவரி 11

குண்டூசிக்கு,

கடிதம் வந்துது. படிச்சேன். பாதி புரிஞ்சுது, மீதி புரிய வேண்டாம்னு விட்டுட்டேன்.

பஞ்சுக் குச்சியால காது குடைஞ்சுட்டேன். ரொம்ப நாளா அரிச்சுட்டு இருந்துது. நல்ல குச்சி, நன்றி.

நீ என்ன வேணா சொல்லு, நான் எச்சில் தர மாட்டேன். நான் ஒரு கப்பல் வெல்டர். நாள் முழுக்கக் கப்பல் வயித்துக்குள்ள குப்புறப் படுத்துக்கிட்டு, முகத்துல மூடி போட்டுக்கிட்டு, நெருப்போட குடும்பம் நடத்தறேன். அறைக்கு வந்தா கூட இருக்கற பெயின்டர் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பான். இந்த லட்சணத்துல எனக்கு இருக்கற ஒரே ஆறுதல், எங்கேயோ ஒரு சூடான பெட்டிக்குள்ள அம்மா இன்னும் கொஞ்சம் உசுரோட இருக்கா, அவளை என் தங்கச்சி பாத்துக்கறாங்கறதுதான். அதையும் நீ பிடுங்கிக்கப் பாக்கற. தெரிஞ்சே நானும் வந்து ஒரு கை பிடிக்கணுமா?

உங்க டாக்டரம்மா பெரிய படிப்புப் படிச்சவங்க. அவங்களே கேன்சர் செல் தொலைச்சிருக்கும்னு சொல்றாங்க. கேட்டுக்கோயேன். எதுக்கெடுத்தாலும் எதிர்த்து நிக்கணும்னு உனக்கு யாரு நேர்ந்து விட்டது?

இன்னொண்ணு. உன் வாயில எடுத்தாங்களே, அந்தக் கணக்கை யாருக்கும் காட்டாத. கிழிச்சுப் போட்டுடு. வேற வழி இருக்கான்னு பாருங்க.

அம்மா எப்படி இருக்கா?

அண்ணன்


பிப்ரவரி 18

அண்ணா,

காது குடைஞ்சியா? குடை. புதுசா நாலு குச்சி அனுப்பியிருக்கேன். மூக்கு, பல்லு, நகம் எல்லாத்தையும் குடைஞ்சுட்டு, மிச்சம் ஒண்ணை வாயில தேச்சு அனுப்பு.

"அம்மா எப்படி இருக்கா"ன்னு கேட்டிருக்க. பதில் சொல்லவா? அம்மா செத்துப் போயிட்டா அண்ணா. நீயும் நானும் பக்கத்துல நின்னோம். உனக்குத் தேவைப்படறது ஒரு பாட்டில். அதுல என்ன இருந்தாலும் பரவாயில்ல, மேல அம்மா பேரு ஒட்டியிருந்தா போதும்.

அம்மா இருந்திருந்தா உன்னை வெளுத்து வாங்கியிருப்பா. ஞாபகம் இருக்கா, நம்ம தெரு மூலையில மருந்துக்கடைக்காரர் காலாவதியான சிரப்பை எனக்குக் குடுத்துட்டார்னு, அம்மா கடைக்கு நடுவுல நின்னு, அங்க இருந்த அத்தனை பாட்டிலையும் ஒவ்வொண்ணா எடுத்து தேதி பாக்க ஆரம்பிச்சுட்டா. பின்னாடி வரிசை தெருவரைக்கும் நின்னுது. "நீங்களும் பாத்துட்டு வாங்குங்க"ன்னு வரிசைக்கே பாடம் எடுத்தா. நீ அவமானத்துல கடைக்கு வெளிய ஓடிப் போய் ஒளிஞ்ச. நான் உள்ளேயே நின்னு பாட்டில் எடுத்துக் குடுத்தேன். இப்பவும் நீ வெளிய ஒளியற, நான் பாட்டில் எடுத்துக் குடுக்கறேன். ஒண்ணும் மாறல.

இங்க வேற ஒரு கூத்து. நேத்து டாக்டரம்மா அறைக்குக் கூப்பிட்டாங்க. பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கிட்டே, "உங்க குடும்பத்துல... உனக்குத் தெரியாத விஷயம்னு ஏதாவது..."ன்னு இழுத்தாங்க. எனக்கு முதல்ல புரியவே இல்ல. புரிஞ்சதும் எழுந்துட்டேன். "எங்க அம்மாவைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நான் மரியாதையை மறந்துடுவேன்"ன்னு சொல்லிட்டு, கதவை அடிச்சுச் சாத்திட்டு வந்தேன். லேபே திரும்பிப் பாத்துது. தன்னோட செல் தப்புன்னு ஒத்துக்க மனசில்லாம, என் பொறப்பையே தப்புன்னு சொல்லப் பாக்கறாங்க. என்ன தைரியம் பாரு!

மார்ச் 14ஆம் தேதி கூட்டம். மருந்து கம்பெனிக்காரர், ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாரும் வருவாங்க. நீ குச்சி அனுப்பினா அனுப்பு, அனுப்பாட்டி போ. என் சாம்பிளை மட்டும் வெச்சுக்கிட்டு எழுந்து நிக்கப் போறேன். நான் எங்க அம்மாவோட பொண்ணு, இந்த செல் எங்க அம்மாவோடது இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். வேலை போனா போகட்டும்.

குண்டூசி


பிப்ரவரி 25

குண்டூசி,

கூட்டத்துல பேசாத.

காரணம் கேக்காத. அண்ணன் சொல்றேன்ல, கேளு. ஒரே ஒரு தடவை.

எனக்குச் சளி. அதனால இப்போ குச்சி தேய்க்க முடியாது.


மார்ச் 1

அண்ணா,

சளி இருந்தாலும் கன்னத்துல தேய்க்கலாம். பொய் சொல்றதா இருந்தா கொஞ்சம் படிச்சுட்டுச் சொல்லு.

காரணம் சொல்லாம என் வாயை யாரும் மூடினது இல்ல. அம்மாவாலயே முடியல. நீ யாரு?


மார்ச் 5

குண்டூசி,

இதைக் கூரியர்ல அனுப்பறேன். உறைக்குள்ள நாலு குச்சியும் இருக்கு. நாலுலயும் தேச்சிருக்கேன். வாயைக் கொப்பளிச்சேன், நிழல்ல காயவெச்சேன், நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். முதல்ல உக்காரு. அப்புறம் படி.

உங்க டாக்டரம்மாவைத் திட்டாத. அவங்க கேட்டது நியாயமான கேள்வி.

எனக்கு அப்போ பதினோரு வயசு. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாத்தது உனக்குத் தெரியும். பிரசவ வார்டுக்குப் போய் விரிப்பெல்லாம் அள்ளிட்டு வர்றது அவ வேலை. அங்க ஒரு பொண்ணு, துணைக்கு யாருமே இல்லாம வந்து, ஒரு பிள்ளையப் பெத்துட்டுப் போய்ச் சேர்ந்துடுச்சு. சொந்தம்னு சொல்லிக்கிட்டு யாரும் வரல. அந்தப் பிள்ளை ராத்திரி பகல்னு இல்லாம அழுது வார்டையே ரெண்டாக்கிட்டு இருந்துதாம். நர்ஸுங்க தூக்கிப் பாத்தாங்க, பாட்டுப் பாடிப் பாத்தாங்க. ஒண்ணும் நடக்கல. விரிப்பு மூட்டையோட போன அம்மா தொட்டில் முன்னாடி நின்னு, "ஏண்டி, உனக்கு மட்டும்தான் தொண்டை இருக்கா?"ன்னு ஒரு அதட்டு போட்டாளாம். பிள்ளை கப்னு நிறுத்திட்டு அம்மாவையே உத்துப் பாத்துதாம். "திட்டினாக் கேக்கறா, அப்போ இவ என் பொண்ணுதான்"ன்னு அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல வந்து சொன்னா. அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எழுந்து போய்த் தொட்டில் கயிறு வாங்கிட்டு வந்தார்.

கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முறையாத்தான் நடந்துது. அப்புறம் வீட்டை மாத்திக்கிட்டோம், அக்கம்பக்கம் வாய் சும்மா இருக்காதுன்னு. அம்மா என்னைக் கூப்பிட்டு, "இவகிட்ட இதை நான்தான் சொல்லுவேன், நீ வாயத் தொறந்தா பல்லைத் தட்டிடுவேன்"னா. நான் சத்தியம் பண்ணேன். அவ ஒவ்வொரு வருஷமும் சொல்லப் போறேன், சொல்லப் போறேன்னா. சொல்லவே இல்ல. ஆஸ்பத்திரியில கடைசியாக் கேட்டேன். "இப்போ சொன்னா அவ அழுவா. எழுந்து போய்க் கண்ணைத் தொடைக்க எனக்குத் தெம்பு இல்ல. விடு"ன்னுட்டா.

இப்போ புரியுதா நான் ஏன் காது குடைஞ்சேன்னு? என் எச்சிலும் உன் எச்சிலும் பக்கத்துல பக்கத்துல வந்தா, நாம ரெண்டு பேரும் யாரோ யாரோன்னு மெஷின் சொல்லிடும். பதினோரு வயசுலேருந்து மூடி வெச்சதை ஒரு மெஷின் சொல்லவா?

நீ எல்லாத்தையும் சந்தேகப்படறவ. பால்காரரை, பஸ் டிக்கெட்டை, உங்க டாக்டரம்மாவை, பதினோரு வருஷ செல்லை, எல்லாத்தையும் சந்தேகப்பட்ட. நீ அம்மா பொண்ணாங்கறதை மட்டும் ஒரு நிமிஷம்கூட சந்தேகப்படல. அம்மா அப்படி வளர்த்திருக்கா. அதனாலதான் உன் கணக்கு தப்பாப் போச்சு. உன்னோட ஒத்துப்போகலங்கறதை வெச்சு, பாட்டில்ல இருக்கறது அம்மா இல்லன்னு சொல்ல முடியாது. அம்மாவாவே இருக்கலாம்.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அம்மா இருக்கான்னு நெனச்சுக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனா நீ நாலு பேர் முன்னாடி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்கப் போற, உன் கையில இருக்கறது செல்லாத சாட்சி. எவனாவது ஒருத்தன் அதைத் தோண்டி எடுத்து உன் மூஞ்சில எறிவான். அதை என்னால பாக்க முடியாது. அதான் சத்தியத்தை உடைச்சேன்.

இத்தனை வருஷம் சொல்லாததுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். இப்போ சொன்னதுக்கும் கேக்க மாட்டேன். என்ன வேணா பண்ணிக்கோ.

அண்ணன்தான், வேற யாரும் இல்ல


மார்ச் 8

உன் குச்சிகளைக் குடுத்துட்டேன். நான் தொடல, வேற ஒருத்தரை விட்டுச் செய்யச் சொன்னேன்.

உன்கிட்ட பேசப் பிடிக்கல. அம்மாகிட்ட பேசணும், நல்லாக் கத்திச் சண்டை போடணும், அவளும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்னன்னு நெனச்சீங்க? கண்ணாடிப் பாத்திரம்னா? கீழ போட்டா உடைஞ்சுடுவேனா?

எல்லாரும் சொல்வாங்களே, தும்மல் அப்படியே அம்மா மாதிரின்னு. மூணு தடவை, வீடு அதிர. ஆர்.என்.ஏ.வைக் கையாளும்போது எனக்கு ரெட்டை மாஸ்க். ஒரு துளி எச்சில் தெறிச்சாப் போதும், ஆர்.என்.ஏ. கரைஞ்சே போயிடும். என் தும்மலால ஒரு வாரத்து வேலை வீணாப் போனப்போ, "இது எங்க அம்மா சொத்து"ன்னு பெருமையா சொன்னேன். இன்னிக்கு குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு மூக்குல காகிதத் திரி விட்டுத் தும்மிப் பாத்தேன். அதே மூணு. அதே அதிர்வு. கோவத்துல அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது.

எழுத ஒண்ணும் இல்ல. பதில் போடாத.


மார்ச் 11

குண்டூசி,

பதில் போடாதன்னு எழுதியிருந்த. போடறேன். உனக்கு மட்டும்தான் எதிர்த்து நிக்கத் தெரியுமா?

அந்தத் தும்மல் எனக்கும் உண்டு. இன்னிக்குக் கப்பலுக்குள்ள தும்மினேன். மேல் தட்டுல நின்ன ஃபோர்மேன் என்னவோ வெடிச்சுடுச்சுன்னு ஓடி வந்தார்.

திட்டு. நேர்ல வந்து திட்டு. செவிட்டில ஒண்ணு விடு. ஆனா "யாரோ"ன்னு மட்டும் நெனச்சுடாத. அதைத் தாங்க மாட்டேன்.

கடைசி வரியா வழக்கமாக் கேக்கறதைக் கேக்கக் கை வந்துது. எழுதிட்டு அடிச்சுட்டேன். இனிமே அதை யார்கிட்ட, எதைப் பாத்துக் கேக்கறதுன்னு தெரியல.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

உக்காரு. இப்போ என் முறை.

கூட்டத்துக்கு முந்தின நாள் உன் முடிவு வந்துது. உனக்கும் எனக்கும் சொட்டு சொந்தம் இல்லன்னு மெஷின் சத்தியம் பண்ணுது. சரி, அது கிடக்கட்டும். பக்கத்துல உனக்கும் ஃபிளாஸ்க்குக்கும் போட்ட கணக்கைப் பாத்தேன். பாத்துட்டு மறுபடி பாத்தேன். உனக்கும் பாதி இடத்துக்கு மேல ஒத்துப்போகல. சொல்லப்போனா என்னைவிட உனக்கு ஒரு இடம் கூடுதலாவே ஒத்துப்போகல. அந்தப் பாட்டிலுக்கு உன்னைவிட நான்தான் கிட்டத்துச் சொந்தம், போ!

அம்மா வயித்துல பொறந்தவன் நீ. உன்னோடயும் ஒத்துப்போகலன்னா அது அம்மா இல்ல. நான் சொன்னது சரி. சொன்ன காரணம்தான் தப்பு.

நேரா டாக்டரம்மா அறைக்குப் போனேன். கதவை அடிச்சதுக்கு மன்னிப்பு கேட்டேன், உன் கடிதத்துல இருந்த விஷயத்தையும் சொன்னேன். அவங்க மேசை டிராயரைத் தொறந்து ஒரு தாளை எடுத்து வெச்சாங்க. நான் கத்திட்டுப் போன மறுநாளே, எனக்குத் தெரியாம, அந்த செல்களோட ஆர்.என்.ஏ.வை மொத்தமாப் படிக்கச் சொல்லியிருக்காங்க. இத்தனை வருஷமா நாங்க அந்த ஒரு நகலையே தேடிட்டு இருந்தோம், மத்ததை யாரும் திரும்பிப் பாக்கல. சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதான், ஆனா படிக்கற பக்கம் வேற. அதனால ஆர்.என்.ஏ.வைப் பாத்தா செல் எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுடும். இதுல இருந்தது நுரையீரல் நகல்கள். அம்மாவோடது சிறுநீரகம். "எனக்கும் தெரியும், உன்கிட்ட சொல்ல வாய் வரல. பதினோரு வருஷம் இதைத்தான் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்"னாங்க. ஆரம்பத்துல எங்கேயோ ஒரு குழாய் மாறியிருக்கு. அம்மாவோட செல்கள் முதல் மாசமே செத்திருக்கணும். ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு கூட்டத்துக்குத் தயார் பண்ணோம்.

கூட்டத்துல டாக்டரம்மா பேசறேன்னு சொன்னாங்க. நான் விடல. எழுந்து நின்னேன். "முதல்ல என் சாம்பிளை வெச்சு சொன்னேன். அது செல்லாது. நான் தத்துப்பிள்ளை. எனக்கே போன வாரம்தான் தெரியும்"னு ஆரம்பிச்சேன். மருந்து கம்பெனிக்காரர் ஒரு புன்னகையோட, "அப்போ உங்க அண்ணனும் தத்துப்பிள்ளையா இருந்தா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனா அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கல. "எங்க குடும்பத்தை நம்ப வேண்டாம் சார், இந்த ஆர்.என்.ஏ.வை நம்புங்க. சிறுநீரகக் கட்டிக்கு எடுத்த செல் எதுக்கு நுரையீரல் பாஷை பேசுது? நீங்க சொல்லுங்க"ன்னு தாளை அவர் முன்னாடி தள்ளினேன். அவர் தாளைப் பாத்தார், ஆஸ்பத்திரி டாக்டர்கள் அவரைப் பாத்தாங்க. "ஊசியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்"னார். "தள்ளி இல்ல, நிறுத்தணும்"னேன். "கொஞ்சம் நிதானமாப் பேசலாமே"ன்னார். "நிதானமாத்தான் சார் பேசறேன். கோவமாப் பேசினா உங்களால தாங்க முடியாது"ன்னேன். டாக்டரம்மா என் பக்கத்துல எழுந்து நின்னு, "நிறுத்தறேன். என் பேரு போட்டதை நானே நிறுத்தறேன்"னு சொல்லிட்டாங்க. நின்னு போச்சு அண்ணா. ஒரு ஊசிகூட யார் மேலயும் ஏறாது.

இன்னிக்கு காலைல ஃபிளாஸ்க்குகளை அழிச்சேன். வேற யாரையாவது செய்யச் சொல்றேன்னாங்க, நானே செய்யறேன்னேன். ரோஸ் திரவத்துல பிளீச்சை ஊத்தினதும் கலர் போய்த் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அது யாரோட அம்மாவோ, யாரோட அப்பாவோ. "இத்தனை வருஷம் எங்க வீட்டுல இருந்தீங்க, நல்லாப் போயிட்டு வாங்க"ன்னு சொன்னேன். யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு குழாயை மட்டும் உறைய வெச்சிருக்கோம். அவங்க வீட்டுல சொல்லணும் இல்லையா?

உன்மேல கோவம் போகல. வருஷம் பூரா இருக்கும். அம்மா மேல அதைவிட. அந்த வார்டுல செத்துப் போன பொண்ணு யாருன்னும் தேடப் போறேன், நீ தடுத்தாலும். எனக்கு டி.என்.ஏ. குடுத்தவ அவ, அவளுக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. என் டி.என்.ஏ.ல அம்மாவோட ஒரு எழுத்துகூட இல்ல. ஃபிளாஸ்க்லயும் இல்ல. அப்படியிருந்தும் என்னைத் தொட்டில்ல பாத்து முதல் அதட்டு போட்டவ அவதான், நான் அதைக் கேட்டேன், இன்னும் கேட்டுட்டு இருக்கேன்.

லேப்ல புதுசா வந்த பொண்ணு உன் முடிவைப் பதிவு பண்ணும்போது, "உறவுன்னு என்ன எழுதட்டும்? முடிவுல உறவு இல்லன்னு வந்திருக்கே"ன்னு கேட்டா. "அண்ணன்னு எழுது"ன்னேன். முழிச்சா. "முழிக்காத, எழுது"ன்னேன். எழுதிட்டா.

இனிமே கடிதம் கிடையாது. நாளைக்குக் கூப்பிடுவேன், மரியாதையா போனை எடு.

அடிச்சுட்டேன்னு சொன்னியே அந்தக் கேள்வி, அதுக்குப் பதில் இந்தா. அம்மா நல்லா இருக்கா. நேத்து கூட்டத்துல எழுந்து நின்னு சண்டை போட்டா. ஜெயிச்சுட்டா.

உன் தங்கச்சி